கடல்நீர் மீன்தொட்டி: முதல் ஆறு வாரங்கள்

பாடசாலையிலோ பங்கு மண்டபத்திலோ கடல்மீன் தொட்டி ஒன்றை அமைக்க விரும்பும் இளைஞர்கள் முதலிற் கேட்பது, "என்ன மீன் வாங்கலாம்?" என்பதாகும். அக்கேள்வியை ஆறு வாரங் கழித்துக் கேட்க வேண்டும். தொடக்க நூலின் முதலாம் அதிகாரத்தில் மீன்கள் ஐந்தாம் நாளிலேதான் வருகின்றன; ஒளியும் நீரும் அதற்கு முன்னரே ஆயத்தமாகிவிட்டன. எமது இளைஞர்களோ தொட்டி, நீர், மீன் மூன்றையும் ஒரே சனிக்கிழமையிற் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை தொட்டியில் நீர் மாத்திரமே எஞ்சியிருக்கும்.

மீன் செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்று எண்ணுவது இலகு. ஆனால் அந்த இன்னொன்று எங்கிருந்து வருகிறது? நன்னீர் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை பண்ணைத் தொட்டிகளிற் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களிலோ மிகப் பெரும்பாலானவை இன்றும் முருகைக்கற் பாறைகளிலிருந்து கையால் அல்லது வலையாற் பிடிக்கப்படுகின்றன. இலங்கையில் இத்தொழில் 1930களிலேயே சிறிய அளவில் தொடங்கிவிட்டது. கிழக்குக் கரையிலே எமது சுழியோடிகள் பலர் இதனாற் குடும்பம் நடத்துகிறார்கள். உயிரோடு சேரும் மீனுக்கே காசு. செத்ததற்குக் காசில்லை, அதற்காகத் திரும்பவும் அதே பாறைக்கு இறங்க வேண்டும். 1998இலும் 2016இலும் கடல் வெப்பம் உயர்ந்து முருகைக்கற்கள் வெளிறிய பின்னர், அப்பாறைகள் எல்லா இழப்பையும் ஈடுசெய்யும் என்று நம்பியிருக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாத வேலையாட்கள்

மீன் தன் பூக்களாலும் கழிவாலும் அமோனியாவை வெளிவிடுகின்றது. தின்னாமல் விட்ட இரையும் அழுகி அமோனியாவாகின்றது. பெருங்கடலில் அது கரைந்து போய்விடும். கண்ணாடிப் பெட்டியில் அதற்குப் போக இடமில்லை. அத்துடன் கடல்நீர் காரத்தன்மையுடையது, அதன் பீ.எச். பெறுமானம் 8.1க்கும் 8.3க்கும் இடைப்பட்டது. காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அமோனியாவின் நச்சுப் பங்கும் கூடும். ஆகவே நன்னீர்த் தொட்டியில் மீன் தாங்கிக்கொள்ளும் அளவு, கடல்நீர்த் தொட்டியில் அதைக் கொன்றுவிடலாம்.

இந்த நஞ்சை அகற்றுபவை பற்றீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். இன்னொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். கடைசியில் வரும் நைத்திரேற்று ஓரளவு தீங்கு குறைந்தது. வயலுக்கு யூரியா போடும் விவசாயிக்கு இது புதிய கதையன்று. மண்ணிலும் யூரியா முதலில் அமோனியாவாகிப் பின் நைத்திரேற்றாகின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்குப் பசளையும் ஒரு காரணம்.

இந்தப் பற்றீரியாக்கள் நீரில் மிதந்து திரிவது குறைவு. மணலிலும் ஓட்டிலும் வடிகட்டியிலும் ஒட்டி வாழ்கின்றன. வாழ்வதற்கு ஒட்சிசன் தேவை. புதுத் தொட்டியில் இவை பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். ஆறு வாரக் கணக்கு இங்கிருந்தே வருகின்றது.

தொட்டியும் நீரும்

தொடங்குபவர் சிறிய தொட்டியைத் தேடுவது வழக்கம். அது தவறு, நீர் குறையக் குறைய வெப்பமும் உப்பும் விரைவாக மாறும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டியில் ஏறத்தாழ 170 லீற்றர் நிற்கும். கண்ணாடியையும் சேர்த்தால் பாரம் 200 கிலோவைத் தாண்டும். வகுப்பறை மேசை இதைத் தாங்காது. சீமெந்துக் கல்லால் மேடை கட்டுங்கள். சன்னல் வெயில் நேரே விழாத இடமாக இருக்கட்டும். 26 முதல் 28 பாகை செல்சியஸ் நல்லது. 30ஐத் தாண்டினால், சூடான நீரில் ஒட்சிசன் குறைவதால், மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

செம்பு, பித்தளை, நாகம் பூசிய தகரம் எதுவும் நீரிற் படக்கூடாது. கிருமிநாசினி கலக்கிய வாளியைக் கழுவினாலும் பயன்படுத்தாதீர்கள். நுளம்புத்திரி எரியும் அறையில் காற்றுப் பம்பியை வைத்தால் அந்தப் புகை நேரே நீருக்குட் போகும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

கரையோரத்தவருக்குக் கடல்நீர் இலவசம். ஆனால் ஆற்றுமுகத்திலும் களப்பு வாயிலிலும் துறைமுகத்திலும் அள்ள வேண்டாம். வடகீழ்ப் பருவமழைக் காலத்திற் கிழக்குக் கரையோர நீர் உவர் குறைந்திருக்கும். வள்ளத்திற் சற்று வெளியே போய் அள்ளி, துணியால் வடித்து, மூடிய பீப்பாயில் இருட்டிலே இரண்டு வாரம் வையுங்கள். நுண்ணுயிர்கள் மடிந்து அடியில் தங்கும். மேல்நீரைக் குழாயால் இறக்கலாம். நீரமானி எனப்படும் மிதக்கும் கண்ணாடிக் குழல் 1.022க்கும் 1.025க்கும் இடையிற் காட்ட வேண்டும்.

கறியுப்பைக் கரைத்தால் என்ன என்று மலையகத்திலிருந்து கேட்பதுண்டு. உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு விடை தெரியும். கடல்நீர் வற்றும்போது முதலிற் சுண்ணாம்புச் சத்துள்ள உப்புகள் படிகின்றன. பின்னர் கறியுப்பு விளைகின்றது. மகனீசியம் மிகுந்த கசப்புநீரைக் கடைசியில் வெளியே விடுகிறார்கள். முன்னும் பின்னும் பிரிந்துபோனவை இல்லாமற் கடல்நீர் ஆகாது. கடலுக்குத் தொலைவில் இருப்பவர்கள் மீன்தொட்டிக்கென்றே விற்கும் கலவை உப்பை வாங்க வேண்டும்.

அழகுக்காக முருகைக்கல்லை உடைத்தெடுப்பது சட்டவிரோதம். கரையொதுங்கிய துண்டுகளையும் பொறுக்க வேண்டாம். மட்டி, சிப்பி ஓடுகளை நன்றாகக் கழுவி உலர்த்தினால் வடிகட்டிக்கு அவையே போதும். நீரின் காரத்தன்மை குறைந்துபோகாமலும் ஓரளவு உதவும். ஒரு பிளாஸ்ரிக் வாளியை ஓட்டினால் நிரப்பி, பம்பியால் நீரை மேலேற்றி, அதனூடாக வழிந்து தொட்டிக்குத் திரும்ப விடுங்கள். மீன் ஒளிந்துகொள்ள மெருகு பூசாத சுடுமண் சட்டித் துண்டுகள் நல்லவை.

காத்திருக்கும் காலம்

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒரு பச்சை இறாலை உரித்துத் தொட்டியிற் போடுங்கள். அது அழுகி அமோனியாவைத் தரும். பற்றீரியாவுக்கு அதுவே உணவு. நன்றாக நடக்கும் கடல்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி ஓடு கிடைத்தால், தயிருக்கு உறை ஊற்றுவது போல, வேலை விரைவாகும். சோதனைத் திரவத்தால் இரண்டு நாளுக்கொருமுறை அளந்து சுவரில் எழுதுங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும். பின்பு நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் பூச்சியமாகி நைத்திரேற்று மட்டும் நிற்கும் நாளில் தொட்டி ஆயத்தம். அப்போது பாதி நீரை மாற்றிவிடுங்கள். சாதாரண தர விஞ்ஞானத்தில் நைத்திரசன் வட்டத்தை மனனஞ் செய்யும் மாணவருக்கு இந்தச் சுவர்க்கணக்கைவிட நல்ல பாடம் கிடையாது.

மீன்கள்

முதலில் இரண்டு கோமாளி மீன்கள். இவை மீன்குஞ்சு நிலையங்களிலும் வளர்க்கப்படுவதால் அவ்வாறு பிறந்தவற்றைக் கேட்டு வாங்குங்கள். கடற்சாமந்தி இல்லாமலும் அவை வாழும். இரண்டு வாரங் கழித்து இன்னொன்று. 170 லீற்றருக்கு விரலளவு மீன்கள் ஐந்தோ ஆறோ போதும்.

வாங்கக் கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். வண்ணத்துப்பூச்சி மீன்களிற் சில இனங்கள் உயிருள்ள முருகையை மட்டுமே தின்னும். எவ்வளவு அழகாயிருந்தாலும் தொட்டியிற் பட்டினியால் இறக்கும். மற்ற மீன்களின் உடலைத் துப்புரவாக்கி உண்ணும் நீலவரி மீனுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். கடைக்காரரிடம் எப்படிப் பிடித்தது என்று கேளுங்கள். பாறைமேற் போர்த்திப் பிடிக்கும் 'மொக்சி' வலை 1996இன் ஒழுங்குவிதிகளாற் தடைசெய்யப்பட்டது. அது முருகையை உடைக்கின்றது. கடையில் மீன் இரை தின்பதைக் கண்ணாற் பார்த்த பின்னரே காசைக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கால் மணித்தியாலம் மிதக்கவிட்டு, தொட்டி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பழக்க வேண்டும். பை நீரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். இடமிருந்தால் புதுமீனை வேறு தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து கொடுப்பதென்றால் அங்கேதான் கொடுக்கலாம். பெரிய தொட்டியில் விட்டால் இறால், நண்டு, சிப்பி எல்லாம் மடியும்.

நாளாந்தப் பராமரிப்பு

நீர்மட்டத்தைக் கண்ணாடியில் ஒரு கோட்டாற் குறித்து வையுங்கள். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்குகிறது. ஆகவே குறைந்த மட்டத்தைக் கடல்நீரால் நிரப்பினால் உவர் நாளுக்கு நாள் ஏறும். நன்னீரால் நிரப்ப வேண்டும். கிணற்று நீரைவிடச் சுத்தமாகப் பிடித்த மழைநீர் நல்லது. வாரமொருமுறை 15 முதல் 20 லீற்றர் பழைய நீரை எடுத்துப் புதுக் கடல்நீர் ஊற்றுங்கள். வடிகட்டி ஓட்டைக் குழாய்நீராற் கழுவாதீர்கள். எடுத்த பழைய கடல்நீரில் அலசினாற் போதும்.

2022இல் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை நீண்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. அது இல்லையென்றால் இரை போடுவதை நிறுத்தி, சட்டியால் நீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருங்கள்.

இரை விடயத்தில் அன்பு மிகுந்தவர்களே ஆபத்தானவர்கள். நறுக்கிய இறாலோ மட்டியோ இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடியும் அளவே போட வேண்டும். பாடசாலை விடுமுறையில் காவலாளி ஐயாவிடம் பொறுப்பைக் கொடுப்பதானால், உலர் இரையை ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிறு கடதாசிச் சரையாக மடித்துத் திகதியை எழுதிக் கொடுங்கள். மிகுதி டப்பாவை அலுமாரியிற் பூட்டிவிட்டுப் போங்கள்.