வட ஜில்லாக்களும் தென் ஜில்லாக்களும்: மழை, ஜலாதாரம், சங்கக் கடன்

தமிழ்நாடு ஒரே ராஜ்யமாயிருப்பினும், அதன் வடகோடியில் பயிரிடும் குடியானவனுக்கும் தென்கோடியில் பயிரிடும் குடியானவனுக்கும் பஞ்சாங்கம் ஒன்றேயன்றிப் பருவம் ஒன்றல்ல. ஒருவன் அறுவடை செய்யும் மாதத்தில் மற்றவன் விதைக்குப் பணம் தேடுகிறான். கூட்டுறவுக் கடன் சங்கத்தின் அங்கத்தினர்கள் இவ்வேற்றுமையை அறிந்துகொள்வது வெறும் பூகோள ஞானத்திற்காக அன்று. கடன் மனுவில் எழுதப்படும் தவணைத் தேதி இதைப் பொறுத்தே சரியாகவோ தவறாகவோ அமைகிறது.

இங்கே வடபகுதி என்பது திருவள்ளூர், காஞ்சீபுரம், செங்கற்பட்டு, ராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஜில்லாக்களைக் குறிக்கும். தென்பகுதி என்பது மதுரைக்குத் தெற்கே ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி வரையிலுள்ள நிலம். 1956ஆம் வருஷத்தில் திருவாங்கூர்ப் பகுதியிலிருந்து வந்து சேர்ந்த கன்னியாகுமரி, இரு பருவ மழையையும் நன்கு பெறுவதாகையால் தனியே வைத்து எண்ணத்தக்கது. காவேரிப் பாசனமும் கொங்கு நாடும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானவை.

முதலாவது மழையைக் கவனிக்க வேண்டும். ராஜ்யத்தின் சராசரி வருஷ மழை ஏறத்தாழ 920 மில்லிமீட்டர். அதில் பாதியளவு ஐப்பசி முதல் மார்கழி வரையுள்ள வடகீழ்ப் பருவத்தில் பெய்வது. இச்சராசரி எந்த ஊருக்கும் பொருந்துவதன்று. வட ஜில்லாக்களில் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் பிற்பகல் இடியுடன் கூடிய மழை கணிசமாகப் பெய்கிறது. வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து மானாவாரி நிலக்கடலை இம்மழையை நம்பியே விதைக்கப்பட்டு, ஐப்பசியில் பிடுங்கப்படுகிறது. தெற்கேயோ, தென்மேற்குப் பருவக் காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்வதால், தூத்துக்குடி, ராமநாதபுரம் ஜில்லாக்களில் அம்மாதங்களில் காற்று வீசுமேயன்றி மழை அரிது. கோவிற்பட்டிக் கரிசல் நிலத்தார் புரட்டாசியில் புழுதி விதைப்புச் செய்து வடகீழ் மழைக்கு வானத்தை நோக்கியிருப்பது இக்காரணத்தினாலேயே. உளுந்தும் பாசிப்பயறும் தை மாதத்திலும், மக்காச்சோளம் அதையொட்டியும் வீடு வரும். பருத்தி எடுப்போ மாசிக்குப் பின்னும் நீளும்.

ஆகவே வடக்கே நிலக்கடலைக் குடியானவன் மூட்டை கட்டிக் கடனை அடைக்கும் ஐப்பசியில்தான், தெற்கே கரிசற்காட்டுக் குடியானவனுக்கு உரமும் விதையும் களையெடுப்புக் கூலியும் தேவைப்படுகின்றன.

அடுத்தது ஆறுகள். வடபகுதியின் பிரதான நதியாகிய பாலாறு கர்நாடகத்து நந்திமலைப் பக்கத்தில் உற்பத்தியாகி, ஆந்திரத்தையும் கடந்து வருவது. மொத்த நீளம் சுமார் 348 கிலோமீட்டரில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. பெயர் பாலாறேயாயினும் வருஷத்தின் பெரும்பகுதி மணலாறு. அதன் செல்வம் மணலுக்கு அடியில் ஓடும் ஊற்று நீரே. அம்மணலைக் கிளறி ஊற்றுக் கால்வாய் வெட்டி நீரைக் கொணர்ந்த பழைய முறை இப்போது பெரும்பாலும் அழிந்துவிட்டது. கரையோரக் கிணறுகளின் ஆழம் கூடிற்று. ஆற்று மணலும் அளவின்றி அள்ளப்பட்டது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு நீரால் நிலமும் கிணறும் கெட்டமை பற்றிச் சுப்ரீம் கோர்ட்டு 1996ஆம் வருஷத்தில் தீர்ப்பளிக்க நேர்ந்தது. கெட்ட கிணற்றை ஈடாகக் காட்டிப் பெற்ற கடன் எவ்வளவு உறுதியுள்ளது என்பதை அப்பக்கத்துச் சங்கங்கள் நேரில் கண்டிருக்கின்றன.

தாமிரபரணி இதற்கு நேர்மாறு. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கும் வரை இந்த ராஜ்யத்தை விட்டு வெளியே செல்வதில்லை. இரண்டு பருவ மழையும் அதன் தலைப்பில் பெய்கின்றன. தூத்துக்குடி ஜில்லாவின் வயலில் பெய்யாத தென்மேற்கு மழை, மலையில் பெய்து ஆற்றின் வழியே அவ்வயலுக்கே வந்து சேர்வது விந்தையே. எட்டு அணைக்கட்டுகளில் ஏழு பழமையானவை; கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில ஆட்சியில் கட்டப்பட்டது. பாபநாசம் நீர்த்தேக்கமும், 1958ஆம் வருஷத்து மணிமுத்தாறு அணையும் பின்னர் ஏற்பட்டவை. கார், பிசானம் என்று இரு போகம் விளைவது இவற்றால்தான். வைகைக்கோ சொந்த நீர் போதாமையால், 1895ஆம் வருஷத்தில் பென்னிகுவிக் துரையின் முயற்சியால் முடிந்த பெரியாற்று அணையிலிருந்து மலையைக் குடைந்து நீர் திருப்பப்பட்டது. மதுரையைச் சார்ந்த வயல்கள் அதனால் செழித்தன. ராமநாதபுரத்துக் கடைமடைக்கு மீதியே மிஞ்சுகிறது.

தென்பகுதியை முழுதும் வறண்டதென்றோ வடபகுதியை முழுதும் வளமானதென்றோ சொல்வோர் ஸ்ரீவைகுண்டத்தையும் விளாத்திகுளத்தையும் ஒரே வருஷத்தில் பார்த்தவர்களாயிருக்க முடியாது. இவ்விரண்டும் ஒரே ஜில்லாவில் உள்ளவை.

ஏரிகளில் இரு பகுதிகளும் ஒற்றுமைப்படுகின்றன. வடக்கே ஏரி என்பதை மதுரை, ராமநாதபுரத்தார் கண்மாய் என்பர். திருநெல்வேலியார் குளம் என்பர். வடக்கே நீர்க்கட்டி செய்யும் வேலையைத் தெற்கே நீர்பாய்ச்சி செய்கிறார். ஓர் ஏரியின் மிகை நீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் செல்லும் சங்கிலி அமைப்பு இரு பக்கத்திலும் ஒன்றே. ஆதலால் மேலூரார் தங்கள் கால்வாயைத் தூர்ந்துபோக விட்டால் கீழூரார் பயிர் வாடும். மேலூர்க் கரை உடைந்தால் கீழூர்க் கரையும் உடையும். காஞ்சீபுரம் ஜில்லா உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள், ஏரியைக் கண்காணிக்க ஏரி வாரியம் என்ற தனிச் சபையைக் குடவோலையால் தேர்ந்தெடுத்த விதத்தைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் தேர்ந்தெடுக்கத் தகார் என்ற அவ்விதியைச் சங்கத்தின் இக்கால உபவிதிகளுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

அவ்வேரிகளின் நிலைமை இப்போது திருப்திகரமாயில்லை. 1960ஆம் வருஷத்தையொட்டி இந்த ராஜ்யத்தில் ஏரிப்பாசன நிலம் கிணற்றுப் பாசன நிலத்தைவிட மிகுந்திருந்தது. இப்போது பாசன நிலத்தில் பாதிக்கு மேல் கிணற்றையே நம்பியுள்ளது. தனக்கென்று கிணறு வெட்டிக்கொண்டவர் ஏரி மராமத்துக்கு வர நாட்டம் கொள்வதில்லை. தெற்கே கண்மாய்களில் சீமைக்கருவேல் மண்டியிருப்பது மற்றொரு இடையூறு. அதை வெட்டிக் கரி சுட்டு ஜீவிப்போர் பலர் ராமநாதபுரம் ஜில்லாவில் உண்டு. ஆகையால் அதை ஒழிக்கும் பேச்சு எளிதில் முடிவதில்லை. 2017ஆம் வருஷத்தில் அரசாங்கம் குடிமராமத்து என்ற பழைய பெயரால் ஏரி சீரமைப்பைத் தொடங்கியது. 2015ஆம் வருஷத்தில் வடக்கேயும், 2023 டிசம்பரில் தெற்கேயும் பெருவெள்ளம் வந்தபொழுது கரைகளின் பலவீனம் வெளிப்பட்டது. பிந்திய வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ராஜ்யத்தின் சராசரி வருஷ மழைக்கு அது சமானம்.

நிற்க. இவற்றால் சங்கத்தின் நடவடிக்கை எவ்விதம் மாறவேண்டும்? பயிர்க்கடனைத் தவணைக்குள் செலுத்துவோர்க்கு வட்டி இல்லை என்ற சலுகை இப்போது நடைமுறையில் இருக்கிறது. ஒரு நாள் தவறினாலும் சலுகை போய்விடும். வடக்கே சொர்ணவாரி நெல் சித்திரை, வைகாசியில் நட்டு ஆவணிக்குள் அறுவடையாவது. நவரை தை மாதத்தில் தொடங்குவது. தெற்கே பிசானம் மாசி, பங்குனியில் அறுவடையாகும். நிர்வாக சபையார் எல்லா மனுவுக்கும் ஒரே மாதத்தைத் தவணையாக எழுதினால், பருத்திச் சாகுபடியாளர் பஞ்சு விற்குமுன்னரே பணம் செலுத்த வேண்டியவராவார். அவர் என்ன செய்வார்? தனி லேவாதேவிக்காரரிடம் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்குக் கைமாற்று வாங்கிச் சங்கத்தில் கட்டி, புதுக் கடன் பட்டுவாடாவானதும் அதை அவரிடம் கொடுப்பார். ரூ. 30,000 கடனுக்கு இவ்விதம் ஒரு மாதத் தாமதம் ரூ. 900 நஷ்டம். சங்கப் புத்தகத்தில் பாக்கி இல்லை. அங்கத்தினர் கையில் விதைப் பணமும் இல்லை. இவ்வகைப் புத்தக வசூலைப் பெருமையாகக் காட்டும் சங்கம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது.

பயிர்க் காப்பீட்டுக்கும் இதுவே பொருந்தும். பதிவின் கடைசித் தேதி ஜில்லாவுக்கும் பயிருக்கும் தக்கவாறு வேறுபடும். பக்கத்து ஜில்லா உறவினர் சொன்ன தேதியை நம்பிக் காத்திருப்பது அபாயம். சங்கத்துப் பலகையில் காரியதரிசி எழுதிவைக்கும் தேதியே பார்க்கத்தக்கது.

கிணற்றுக் கடன் விஷயத்தில் வடபகுதிச் சங்கங்கள் முக்கியமாகக் கேட்கவேண்டியது அடுத்த கிணற்றின் தூரமும், கோடையில் அதன் நீர்மட்டமும் ஆகும். ஒருவர் ஆழப்படுத்தப் பெற்ற கடன், பக்கத்து அங்கத்தினர் முன்னர்ப் பெற்ற கடனை வசூலாகாமற் செய்துவிடக் கூடும். இருவருக்கும் ஒருவர்க்கொருவர் ஜாமீன் இருந்தால் நஷ்டம் இரட்டிப்பு. கரிசல் நிலத்தில் கிணற்று நீர் உவர்ப்பாயிருத்தல் சாதாரணம். அங்கே கிணற்றைவிட, ஐப்பசி மழையைப் பிடித்துவைக்கும் பண்ணைக்குட்டை மேலானது. கரிசல் மண் நீரை எளிதில் உள்ளே இழுக்காமையால் குட்டையில் தண்ணீர் நிற்கும். பூப்பிடிக்கும் சமயம் மழை தவறினால் ஒரு தண்ணீர் பாய்ச்சப் போதும். அந்த ஒரு தண்ணீர் பருத்தியில் மகசூலையே காப்பாற்றுவதுண்டு.

தாமிரபரணி வாய்க்கால் சங்கங்களுக்கு ஓர் எச்சரிக்கை தேவை. கார் சாகுபடிக்கு வழக்கமாக ஜூன் மாதத்தில் தண்ணீர் திறக்கப்படுகிறது. அணையில் இருப்புக் குறைந்தால் திறப்பு தள்ளிப்போகும், அல்லது கடைமடைக்குக் கார் நிறுத்தப்படும். ஆகையால் கார் கடனை மனு வந்த உடனே பட்டுவாடா செய்யாமல், தண்ணீர் திறக்கும் உத்தரவு வெளிவந்த பின் கொடுப்பதும், திறப்பு தாமதித்தால் தவணையை அத்தனை நாள் பின்னுக்கு எழுதி நிர்வாக சபையில் தீர்மானித்துக்கொள்வதும் அங்கத்தினருக்கும் சங்கத்திற்கும் நலம். கார் தவறிய நிலத்திற்கு வாங்கிய பணம் வேறு செலவில் கரைந்துவிட்டால், பிசானத்து நெல்லே இரண்டு கடனையும் சுமக்க நேரும்.