கரிசல் காலும் சதுரகிரி ஓடையும்

அருப்புக்கோட்டைப் பக்கம் பிறந்தவனுக்கு மேடு என்றால் கண்மாய்க் கரைதான். அங்கிருந்து திருச்சுழி வரைக்கும் கரிசலும் சீமைக்கருவேலமும் தட்டையாகக் கிடக்கும். உச்சி வெயிலில் பத்து மைல் நடப்பது எங்களுக்குப் பெரிய காரியமில்லை. அந்தத் தெம்பில்தான் முதல் தடவை சதுரகிரி மலைக் கோயிலுக்குப் போனேன். விருதுநகர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில் தாண்டி வத்திராயிருப்பு; அங்கிருந்து அடிவாரம் தாணிப்பாறை.

ஏறும்போது மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். இறங்கும்போதுதான் கால் காட்டிக்கொடுத்தது. பாதி வழியில் தொடை இரண்டும் வெடவெடவென்று ஆட, ஒவ்வொரு பாறைக்கும் உட்கார்ந்து எழுந்தேன். கட்டைவிரல் நகம் செருப்பு முனையில் இடித்து இடித்துக் கறுத்துப்போனது. சமதளத்தில் எத்தனை மைல் நடந்தாலும் இறக்கத்தில் உடம்பைத் தாங்கிப் பிடிக்கிற பழக்கம் காலுக்கு வராது.

மறுவருடம் ஒரு மாதம் முன்னாலேயே ஊர்க் கண்மாய்க் கரையில் பழக ஆரம்பித்தேன். தினமும் சாயங்காலம் முப்பது தடவை ஏறி இறங்குவேன். ஏற்றத்தை விட இறக்கத்தில்தான் கவனம்: காலை எட்டி வைக்காமல், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சாய்ந்து சாய்ந்து இறங்குவது. கடைசி வாரம் முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பை. அந்த வருடம் தொடை ஆடவில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ஒரு கம்பு கட்டாயம் வேண்டும். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று வழியில் வரும் இடங்களின் பெயரே சொல்லிவிடுகிறது.

தண்ணீர் விஷயத்திலும் நம் பழக்கம் மலையில் உதவாது. இருக்கிற தண்ணீரைச் சேமித்து, நாக்கு வறண்ட பிறகு இரண்டு மடக்கு குடித்துப் பழகியவர்கள் நாம். மலையில் மர நிழலும் காற்றும் இருப்பதால் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுப்பதற்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் குடியுங்கள். கூடவே கருப்பட்டித் துண்டு ஒன்றிரண்டு. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.

மேலே ஒரு திருப்பத்தில் கிழக்குப் பக்கம் மரங்கள் விலகும். கீழே வத்திராயிருப்பின் தென்னந்தோப்புகள் பச்சையாக, கண்மாய்கள் தகடு தகடாக மின்னும். அதற்கப்பால் பச்சை வெளுத்து, பழுப்பாகி, புழுதியில் கரையும். அந்தப் பழுப்புதான் நம் ஊர்ப் பக்கம். திருச்சுழியைத் தொட்டுப் போகிற குண்டாறும் இந்த மலைத்தொடரின் கிழக்குச் சரிவில்தான் பிறக்கிறது. வருடத்தில் பாதி நாள் வெறும் மணலாகப் பார்த்த ஆற்றின் தாய்வீடு அது. அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஆனால் அந்தத் தண்ணீர்தான் இங்கே ஆபத்து. மூன்றாவது தடவை இறங்கும்போது மேற்கே வானம் கறுத்தது. கரிசல்காரனுக்கு மேகம் கறுத்தால் மனசு குளிரும். ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். முகம் கழுவலாம் என்று கால் வைக்கப் போனேன். பின்னால் வந்த பெரியவர் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, தண்ணியில சருகு வருது பாரு. மேல மழை. காலை வைக்காத."

குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் காய்ந்த இலைகள் ஒன்றிரண்டாக வந்துகொண்டிருந்தன. சற்று நேரத்தில் நிறம் டீத்தண்ணீர் போல மாறியது. பிறகு கல் உருளும் சத்தம். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லை. எதிரே ஓடை இடுப்பளவுக்கு மேல் ஓடியது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்துதான் கடந்தோம்.

2015 மே மாதம் இதே மலை ஓடையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு பல வருடம் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டிய நாட்களில் மட்டுமே ஏற விட்டார்கள். மழை என்றால் அதுவும் கிடையாது. வனத்துறை தடுக்கும்போது வாசலில் நின்று சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. இந்த மலை சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு.

ஆடி அமாவாசைக்கு வேன் பிடித்துக் கிளம்புகிற நம் ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: எந்த நாள், எந்த நேரம் அனுமதி என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக் பாட்டிலைக் கையோடு கீழே கொண்டுவாருங்கள். ஓடையில் சருகு வந்தால், கூட்டமே கடந்தாலும் நீங்கள் கரையிலேயே நில்லுங்கள்.