தன்னாட்சியும் வகுப்பறையும்

உயர்கல்விச் சீர்திருத்தம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 'தன்னாட்சி' என்னும் சொல் முன்னிற்கின்றது. அச்சொல் யாருக்கு உரிமை தருகின்றது என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தோன்றியது. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அதன் தொடக்ககாலப் பணி. கற்பித்தல் கல்லூரிகளில் நிகழ்ந்தது. பாடம் வகுப்பவர் ஒருவர், கற்பிப்பவர் மற்றொருவர், விடைத்தாள் திருத்துபவர் பிறிதொருவர் என்னும் நிலை இவ்வாறு வேரூன்றிற்று. மாணவரை நன்கறிந்த ஆசிரியர்க்கு அவர்தம் தகுதியை அளக்கும் உரிமை இல்லாது போயிற்று.

இந்நிலையை மாற்றக் கருதியே கோத்தாரி கல்விக்குழு 1966இல் தன்னாட்சிக் கல்லூரிகளைப் பரிந்துரைத்தது. தமிழகத்தில் 1978இல் சென்னை இலயோலாக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி முதலியன அவ்வுரிமையைப் பெற்றன. பாடத்திட்டமும் வினாத்தாளும் மதிப்பீடும் கல்லூரியின் பொறுப்பாயின. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கப்படலாயிற்று.

தமிழ்த்துறைக்கு இதனால் விளையக்கூடிய பயன் சிறிதன்று. பொதுப் பாடத்திட்டத்தில் இசுலாமியத் தமிழிலக்கியம் சீறாப்புராணத்தின் சில பாடல்களோடு நின்றுவிடுவதுண்டு. தன் பாடக்குழுவைத் தானே அமைக்கும் துறையோ அதனைத் தனித்தாளாகவே வைக்கலாம். மதுரையில் 1572இல் அரங்கேறிய ஆயிர மசலாவையும் அதிற் சேர்க்கலாம். 'மசலா' என்னும் அரபுச்சொல் வினாவைக் குறிக்கும். வினவி வினவித் தெளிதலே அந்நூலின் அமைப்பு. கல்விச் சுதந்திரம் பேசுவோர்க்கு இதனினும் பொருத்தமான பாடநூல் வேறு வேண்டுமோ!

ஆயின் பாடக்குழு கூடிப் பழைய பாடத்திட்டத்தையே தலைப்பு மாற்றி ஏற்றுக் கலையுமானால், தேர்வு அலுவலகம் இடம் மாறிற்று என்பதன்றி வேறொன்றும் நிகழ்ந்ததாகக் கொள்வதற்கில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, தர மதிப்பீட்டில் 3.51 புள்ளியும் அதற்கு மேலும் பெற்ற பல்கலைக்கழகங்கள் குழுவின் ஒப்புதலின்றியே புதிய துறை தொடங்கலாம். ஆனால் அதற்கென அரசிடம் நிதி கோரலாகாது. இணைவுமுறையையே 15 ஆண்டுகளில் படிப்படியாக நீக்கிக் கல்லூரிகளுக்குத் தன்னாட்சி அளிக்கவேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக்கொள்கை. உரிமை நிதியின்றி வருமாயின், கட்டணம் ஈட்டும் பாடங்கள் தழைக்கும். தமிழும் அரபும் வரலாறும் எங்கு நிற்கும்? முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயில் மிதிக்கும் மாணவர் அக்கட்டணத்தை எங்ஙனம் செலுத்துவர்?

ஆசிரியர் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். ஆண்டுதோறும் பணி புதுப்பிக்கப்படும் சுயநிதிப் பிரிவு ஆசிரியர், பாடக்குழுவில் நிருவாகத்திற்கு மாறான கருத்தொன்றை உரைக்கத் துணிவாரா? பணிப்பாதுகாப்பும், மாற்றுக் கருத்தைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யும் வழக்கமும் தன்னாட்சி விதிகளோடு சேர்த்தே கேட்கப்பட வேண்டியவை. இவற்றைக் கேட்கும் இடத்தில் மூத்தோரும் நிருவாகத்தினரும் அமர்ந்திருக்கின்றனர்.