களாவும் நாவலும்

கோடை விடுமுறையில் ஊர் சென்று தங்கும் நம் மாணாக்கருட் பலர், மாவும் பலாவுமே வேனிலின் கொடை என்று கருதியிருப்பர். எவரும் நீர் பாய்ச்சி வளர்க்காத கனிகளும் அக்காலத்தே கரட்டிலும் கண்மாய்க் கரையிலும் பழுக்கின்றன. அவற்றுள் இரண்டினைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

சந்தைக்கு வரும் களா பெரும்பாலும் ஊறுகாய்க்கென்று பறித்த காயேயாம். வெண்மையும் செம்மையும் கலந்து கண்ணைக் கவரும்; வாயிலிட்டாலோ பல் கூசும். நன்கு கறுத்த பழம் எளிதிற் குழைவதாதலின், கூடையிற் கிடந்து நெடுவழி செல்ல மாட்டாது. அதனை விரும்புவோர் புதரிடத்திற்கே செல்லல் வேண்டும். அங்கே முள் காவல் நிற்கும். சில கிளைகளில் அது கவைபட்டும் இருக்கும். விரைந்து கை நீட்டுவோர் குருதி காண்பர். காம்பு கிள்ளிய இடத்தில் வெண்பால் கசிந்து உதட்டில் ஒட்டும். இத்துணையும் பொறுத்தவர்க்கே அப்புளிப்பும் இனிப்பும் உரியன.

களாவும் அரளியும் ஒரு குடும்பத்தன என்பர் செடிநூலார். அரளியோ வேர் முதல் பூ வரை நஞ்சு. உறவு நோக்கிக் களாவை விலக்கினும் பிழை. களாவை நம்பி அதன் சுற்றத்தை உண்ணினும் பிழை. வேலியிற் சிவந்து மின்னும் குன்றிமணியும் கண்ணுக்கு இனியதே. மென்று விழுங்கினால் உயிருக்கு இறுதி. ஆதலின் ஆடு மேய்ப்பார் ஒருவரை உடன்கொண்டு, ஒவ்வொன்றையும் இலை, முள், காய் என நோக்கி அறிதலே முறை. ஐயமுற்றதை வாயில் இடற்க.

நாவல் இத்துணைக் கடுமை உடையதன்று. ஆனி, ஆடியில் தானே உதிர்ந்து கிடக்கும். மண்ணை ஊதி உண்ட கதையை ஔவையார் பெயரால் நம் நாட்டுச் சிறுவரெல்லாம் அறிவர். நற்றிணையின் 35-ஆம் செய்யுளில் இதனினும் சுவையான காட்சி ஒன்று உண்டு. உதிர்ந்த கருங்கனியைத் தம் இனமென்று வண்டுகள் மொய்க்கின்றன. வண்டினைக் கனியென்று நண்டு பற்றுகின்றது. இரை தேடும் நாரை வந்து சேரவே அவ்வழக்குத் தீர்கின்றது. அந்நண்டு, முன்னர்க் கூறிய ஆடு மேய்ப்பாரைத் துணைக் கொள்ளவில்லை போலும்!

இவ்வின்பம் நாளும் அருகி வருதல் வருந்தத்தக்கது. 1877-இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பெற்ற சீமைக் கருவேல், வறண்ட நிலங்களிலும் கண்மாய்களிலும் பரந்துவிட்டது. அஃது அடர்ந்த இடத்தில் நாட்டுப் புதர்கள் தழைத்தல் அரிது. புதர் ஒழிந்த ஊரில் அதன் பெயரும் அடுத்த தலைமுறைக்கு எட்டுவதில்லை. களாவின் விதையைப் பறவைகள் கொண்டுபோய்த் தூவும். ஆகவே எட்டாத கிளைப் பழங்களை அவற்றிற்கென விடுக. நாவல் விதை சில வாரங்களில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். விடுமுறை முடியுமுன் தின்பார், அவ்விதையைத் தின்ற அன்றே ஈரமுள்ள கரையில் விரலாழத்தில் ஊன்றிவிடுதல் தகும்.