இணைய வாணிகம்: காசு கொடுப்பவர் யார்?

பினாங்கிற்கும் தென் கெடாவிற்கும் எல்லையாக அமைந்த பகுதியில் உள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்திற்கு அண்மையில் அலுவல் காரணமாகச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து மக்கள் கலைந்த பின்னர், பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் மட்டும் தயங்கி நின்றார். 55 வயது நிறைவுற்றவர். ஊழியர் சேமநிதியில் அவருக்கு ஏறத்தாழ 30,000 வெள்ளி இருந்தது. "ஐயா, என் மகன் இணையத்தில் வியாபாரம் தொடங்கப் போகிறானாம். என் சேமநிதிப் பணத்தைக் கேட்கிறான். கொடுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

கொடுங்கள் என்றோ கொடாதீர்கள் என்றோ ஒரு சொல்லில் விடையளித்துவிட்டு வண்டி ஏறியிருக்கலாம். ஆயினும் முப்பது ஆண்டுக் காலம் விடியற்காலை இருளில் நிரை பிடித்து வெட்டிச் சேர்த்த பணத்தைப் பற்றிய கேள்வி அது. இணையம் இந்நாட்டிற்கு வந்த தொடக்க ஆண்டுகளில் அதனை நம்பித் தொழில் தொடங்கியவர்களுள் சிலர் நிலைத்தனர், பலர் நிலைக்கவில்லை. அவ்வரலாற்றை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது. அன்று அவரிடம் கூறியதையும், நேரமின்மையால் கூறாது விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதற்கண் ஒரு பழைய தொழிலை நினைவுகூர்வோம். அதன் பெயர் தரகு.

பொருள் வைத்திருப்பவனையும் பொருள் வேண்டுபவனையும் ஒன்று சேர்த்து, அதற்குக் கூலி பெறுவதே தரகாகும். பினாங்கு நகரமே அவ்வாறு வளர்ந்த நகரந்தான். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் துறைமுகம் அமைத்தபோது, இங்கு விளைந்த பொருளைக் காட்டிலும் இவ்வழியாகச் சென்ற பொருளே மிகுதி. இந்தியத் துணியும் சீனத் தேயிலையும் சுமத்திராவின் மிளகும் இங்கே கைமாறின. சூலியா வீதியில் தமிழ் முஸ்லிம் வணிகர்களும், பினாங்கு வீதியில் செட்டியார்களின் கிட்டங்கிகளும் நடத்திய தொழிலில் பாதி, எவரிடம் என்ன இருக்கிறது, எவர் வாக்குத் தவறாதவர் என்னும் செய்தியை அறிந்திருப்பதேயாகும். தோட்டத்திலும் தரகர் இருந்தார். ஊருக்குப் போய் ஆள் திரட்டி வந்து, தலைக்காசு பெற்ற கங்காணிதான் அவர். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை அம்முறை நடந்தது. அதன் கொடுமைகள் உங்கள் பாட்டனார் காலத்துக் கதைகளில் உண்டு. அவற்றை இங்கே விரிக்கவில்லை. தரகு என்பது நன்மையும் செய்யும், உறிஞ்சவும் செய்யும் என்பதை மட்டும் மனத்தில் கொள்க.

1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. வேலையின்மை பெருகிற்று. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இன்டெல் நிறுவனம் அங்கே தன் ஆலையைத் திறந்தது. அதன்பின் தொழிற்சாலைப் பேருந்துகள் வைகறையில் கம்பங்களையும் தோட்டங்களையும் சுற்றிப் பெண்மக்களை ஏற்றிச் சென்ற காட்சி மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அவர்களுக்கு வேலை காலியிருக்கும் செய்தி எவ்வாறு கிடைத்தது? ஆலை வாயிலில் தொங்கிய பலகை, ஏற்கெனவே வேலையிலிருந்த உறவுக்காரப் பெண், நாளிதழ் விளம்பரம் ஆகியவையே வழிகள். விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பம் எழுதி, அஞ்சலில் சேர்த்து, விடைக்குக் காத்திருக்க வேண்டும். சில வேளைகளில் விடை வருவதற்குள் இடம் நிரம்பிவிடும்.

இந்தக் காத்திருப்பைத்தான் இணையம் முதலில் குறைத்தது.

மலேசியாவில் ஜாரிங் என்னும் இணையச் சேவையை மிமோஸ் 1992ஆம் ஆண்டில் தொடங்கிற்று. 1996இல் டெலிகோம் நிறுவனத்தின் டிஎம்நெட் வந்தது. அதே ஆண்டில் பல்லூடகப் பெருவழித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. கணினி, தொலைபேசி இணைப்பு, இரண்டையும் இணைக்கும் மோடம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் இணையத்திற்குள் நுழைய முடிந்த காலம் அது. நகரில் சூலியா வீதியை ஒட்டிய தெருக்களில், வெளிநாட்டுப் பயணிகளுக்காக இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. மாணவப் பருவத்தில் நானும் அங்கே சென்று, மணிக்கு மூன்று வெள்ளி கொடுத்து அமர்ந்ததுண்டு. தோட்ட லயங்களிலோ தொலைபேசியே அரிதாயிருந்தது.

1995இல் மலேசியா ஆன்லைன் என்னும் இணையத்தளத்தைத் தொடங்கியவர் மார்க் சாங் என்னும் மலேசியப் பொறியாளர். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். 1997இல் அவர் ஜாப்ஸ்திரீட் என்னும் வேலைவாய்ப்புத் தளத்தைத் தொடங்கினார். வேலை தேடுபவர் தம் கல்வி, அனுபவம் முதலியவற்றை இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆள் தேடும் நிறுவனமோ விளம்பரத்திற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். சிறு செய்திபோல் தோன்றும் இவ்வேற்பாட்டில்தான் தொழிலின் உயிர்நாடி இருந்தது. வேலையற்றவனிடம் காசு கேட்டால் அவன் வரமாட்டான். அவன் வராவிட்டால் நிறுவனமும் வராது. ஆனால் நிறுவனமோ, நாளிதழ் விளம்பரத்திற்கு ஏற்கெனவே பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. அப்பணம் வேறு வழியில் திரும்பிற்று; அவ்வளவே.

அவ்வாண்டின் நடுவில் ஆசிய நாணய நெருக்கடி மூண்டது. 1998 செப்டம்பரில் அரசாங்கம் அமெரிக்க டாலருக்கு 3.80 வெள்ளி என மாற்று விகிதத்தை நிலைப்படுத்த வேண்டியதாயிற்று. அத்தகைய காலத்திலும் அந்நிறுவனம் பிழைத்தது. 2004இல் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2014இல் ஆஸ்திரேலியாவின் சீக் நிறுவனம் அதன் வேலைவாய்ப்புத் தொழிலை 173 கோடி வெள்ளிக்கு வாங்கியது. இத்தொகையைக் கண்டு எவரும் மயங்க வேண்டாம். தொடங்கியதற்கும் விற்றதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்துள்ளன. ஒரு ரப்பர்க் கன்று வெட்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழர் ஒருவரின் வரலாறு இதனினும் நமக்கு அணுக்கமானது. சென்னை இராயபுரத்தில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர் முருகவேல் ஜானகிராமன். கணினிக் கல்வி பெற்று அமெரிக்காவில் பணியாற்றிய காலத்தில், 1997இல், அங்குள்ள தமிழர்களுக்காக ஓர் இணையத்தளம் தொடங்கினார். தமிழ் நாட்காட்டி, பண்டிகை வாழ்த்துகள், மணமக்கள் விளம்பரம் எனப் பலவற்றையும் அதில் வைத்தார். அனைத்தும் இலவசம். மக்கள் எதனைத் தேடி வருகின்றனர் என்று அவர் கவனித்தபோது, நாட்காட்டிக்கு வந்தவர்களைவிட மணமக்கள் பகுதிக்கு வந்தவர்களே அதிகம் என்பது புலனாயிற்று. எனவே அதனைத் தனியே பிரித்து, கட்டணச் சேவையாக்கினார். பாரத் மேட்ரிமோனி பிறந்தது அவ்வாறுதான். அவருக்கு வாய்த்த மனைவியும் அத்தளத்தின் வழியே அறிமுகமானவர் என்பது சுவையான செய்தி.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கணினித் தொழில் சரிந்தபோது அவர் வேலையை இழந்தார். அதன் பின்னரே இத்தொழிலில் முழுமையாக இறங்கினார். அதுவரை மாதச் சம்பளம் அவரைத் தாங்கியது. தளமும் சிறிது சிறிதாகத் தன் காலில் நிற்கத் தொடங்கியிருந்தது. இணையத்தை நம்பிய அந்நிறுவனம் பல நகரங்களில் அலுவலகங்களையும் திறந்தது குறிப்பிடத்தக்கது. கணினி அறியாத பெற்றோர் புகைப்படத்தையும் சாதகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு அங்கே வரலாம். நம் ஊர்க் கல்யாணத் தரகர் குடையும் கைப்பையுமாக வீடுவீடாகச் சென்ற வேலையேதான் அது. 2017இல் அந்நிறுவனம் இந்தியப் பங்குச் சந்தைகளில் இடம்பெற்றது.

இவ்விடத்தில் என் தோல்வி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டில், ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது, நானும் ஒரு நண்பரும் தமிழ்ப்பள்ளிப் பயிற்சி நூல்களை இணையத்தில் விற்க முனைந்தோம். பக்கத்தை அமைக்க ஒருவருக்கு 600 வெள்ளி கொடுத்தோம். நூற்றைம்பது நூல்களையும் வாங்கி, நண்பரின் வீட்டுக் கட்டிலுக்கடியில் அடுக்கினோம். மூன்று மாதங்களில் ஒரு நூல்கூட விற்கவில்லை. காரணம் எளிது. அந்நூல்களை வாங்கக் கூடிய பெற்றோர் தோட்டங்களில் இருந்தனர். அவர்களிடம் கணினி இல்லை. கணினி வைத்திருந்தோருக்கு அந்நூல்கள் வேண்டியிருக்கவில்லை. பின்னர் ஒரு தைப்பூசத்தின்போது கோவிலுக்கு அருகே மேசை போட்டு ஒரே நாளில் நாற்பது நூல்களை விற்றோம்.

எங்களைப்போல் பிழை செய்தவர்கள் உலகெங்கும் இருந்தனர் என்பது எனக்குச் சிறிது ஆறுதல். அமெரிக்காவின் வெப்வேன் நிறுவனம், வீட்டுக்கு மளிகை கொண்டு சேர்க்கும் தொழிலுக்காக, போதிய வாடிக்கையாளர் சேர்வதற்கு முன்பே பல நகரங்களில் மாபெரும் கிடங்குகளை எழுப்பியது. 2001 ஜூலையில் அது நொடித்துப் போயிற்று. 2000 மார்ச்சில் உச்சியைத் தொட்ட அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு, 2002 அக்டோபருக்குள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சரிந்தது. மளிகையை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பது தவறான எண்ணமன்று; இன்று அது எங்கும் நடைபெறுகிறது. கட்டிலுக்கடியில் இருந்த எங்கள் நூல்களைப் போல, அவர்களுடைய கிடங்கும் ஆள் வருமுன் நிரம்பிவிட்டது.

காசு எவ்வழியாகக் கைக்கு வரும் என்பதும் ஒரு கேள்வி. கடனட்டை இல்லாத இளைஞன் இணையத்தில் எவ்வாறு பணம் செலுத்துவான்? இக்கேள்விக்கு விடை கண்டு தொழில் நடத்தியவர் மலேசியரான கணேஷ் குமார் பங்கா. 2000ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய எம்.ஓ.எல். நிறுவனம், கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கிய புள்ளிகளைக் கொண்டு இணைய விளையாட்டுகளுக்குப் பணம் செலுத்த வழி செய்தது. 2009இல் அது, ஒரு காலத்தில் இளைஞர் பலர் கூடிய ஃபிரண்ட்ஸ்டர் தளத்தையே வாங்கிற்று.

இனி, அத்தொழிலாளியிடம் நான் மிகுந்த நேரம் பேசிய பகுதிக்கு வருகிறேன். இணையத் தொழில் என்ற பெயரில் வந்தவை அனைத்தும் தொழில்கள் அல்ல. சுவிஸ்கேஷ் என்னும் திட்டம், 15 மாதங்களில் 300 விழுக்காடு வரை வருவாய் தருவதாக இணையத்தில் ஆசை காட்டியது. மலேசியர் பலர் அதில் பணத்தைக் கொட்டினர். பங்குப் பத்திர ஆணையம் 2007இல் வழக்குத் தொடுத்தது. 2009இல் ஏற்பட்ட உடன்பாட்டின்வழி 3 கோடி வெள்ளிக்கு மேல் மீட்கப்பட்டதாயினும், போட்டதெல்லாம் திரும்பிவிடவில்லை. நம் பினாங்கிலேயே, 2017இல், மாதம் 20 விழுக்காடு தருவதாகக் கூறிய ஜேஜேபிடிஆர் என்னும் அந்நியச் செலாவணித் திட்டம் சரிந்தது. ஜாப்ஸ்திரீட்டுக்குக் காசு கொடுத்தவர், ஆள் தேவைப்பட்ட நிறுவனத்தார். பாரத் மேட்ரிமோனிக்குக் கொடுத்தவர், வரன் தேடியவர். இத்திட்டங்களில் முன்னவருக்குக் கொடுக்கப்பட்ட பணம் எவருடையது? பின்னால் வந்து சேர்ந்தவருடையது. பண்டமும் இல்லை, பணியும் இல்லை. 'காசு கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார்' என்று கேட்டால், அவர்களிடம் நேரான விடை இராது. வருவாய் பற்றிய ஐயம் எழுமாயின், பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களைப் பாருங்கள். பிள்ளைகளின் கைப்பேசியிலேயே பார்க்கலாம். பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகவும் நம்பிவிட வேண்டாம்; பட்டியலில் ஏறுவதற்கு முன்பே பணத்தை இழந்தவர் பலர்.

தரகரின் செய்தி நம் கைக்கே வந்த நன்மையும் உண்டு. முன்னாளில், சிறுதோட்டக்காரர் கட்டிப்பாலைச் சுமந்து சென்றால், கடைக்காரர் சொன்னதே விலை. ஈரத்திற்காக அவர் கழித்ததே கழிவு. இன்று மலேசிய ரப்பர் வாரியம் வேலைநாள்தோறும் விலையை இணையத்தில் வெளியிடுகிறது. எடைபோடுமுன் அதைப் பார்த்துவிட்டுப் பேசுபவரிடம் கடைக்காரரின் குரல் சற்றுத் தாழ்கிறது. உலர் ரப்பர் அளவு எவ்வளவு என்னும் வழக்கு மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

அத்தொழிலாளியின் மகனையும் அன்றே அழைத்துப் பேசினேன். அவனது எண்ணம் மோசமானதன்று. அத்தோட்டத்திலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் இளைஞர் பலர் பத்து காவானிலும் கூலிமிலும் உள்ள தொழிற்சாலைகளுக்கு முறைமாற்று வேலைக்குச் செல்கின்றனர். பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில். மழைக்காலத்தில் விபத்துகளும் நேர்கின்றன. வேன் வைத்திருப்பவரையும் அவர்களையும் இணையத்தின்வழி சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவன் திட்டம். செயலி அமைக்க ஒருவர் 28,000 வெள்ளி கேட்டிருக்கிறார்.

"தம்பி, மாதம் எவ்வளவு கொடுப்போம் என்று எத்தனை பேர் உன்னிடம் சொன்னார்கள்?" என்று கேட்டேன். அவன் விழித்தான். எவரையும் இன்னும் கேட்கவில்லை. வேன் ஓட்ட நிலப் பொதுப் போக்குவரத்து உரிமம் வேண்டுமா என்றும் விசாரிக்கவில்லை. பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, பெயர், ஆலை, வேலை நேரம், கொடுக்கக்கூடிய தொகை என நான்கு கட்டங்கள் போட்டுக் கொடுத்தேன். ஆசிரியர் பழக்கம் விடவில்லை.

இரண்டு மாதங்கள் கழித்து அப்பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். புத்தகத்தில் இருபத்து மூன்று பெயர்கள் சேர்ந்திருந்தன. மாதக் கட்டணம் கொடுக்க ஒப்பியவர் பதினொருவர். உரிமம் உள்ள வேன்காரர் ஒருவர். வாட்ஸ்ஆப்பில் ஒரு குழு அமைத்து அவர்களைச் சேர்த்திருக்கிறானாம். செயலியைப் பற்றி இப்போது பேச்சில்லை. சேமநிதிப் பணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்றார்.