காலத்தைச் சுருக்கும் கலை

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். அரசர்க்கு உரைத்த அம்முறை, கைபேசியாற் காட்சி எடுக்க முற்படும் மாணவர்க்கும் பொருந்துவதாதலின், இப்பாடத்தை அவ்வொழுங்கிலேயே அமைக்கின்றேன். தமிழாசிரியனுக்குக் கமராவில் என்ன வேலை என வினவுவார்க்கு விடை இறுதியில் உண்டு.

ஒரு காட்சியைக் குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு படமாக எடுத்துப் பின்னர் அவற்றை விரைந்து ஓடவிடுவதே காலச்சுருக்கக் காணொளி. இதனை டைம்லாப்ஸ் என்பர். இங்கிலாந்தினரான பேர்சி ஸ்மித் என்பார் மலர்கள் விரிவதை இம்முறையாற் படமாக்கி 1910 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் தனிப்பொறி அமைத்துச் செய்ததனை இன்று சட்டைப்பையிலுள்ள கைபேசியே செய்கின்றது.

வலியறிதல்

கப்பல் எத்துணை ஆடினும் அதன் திசைகாட்டி மட்டமாக நிற்பதற்கு அதனை வளையங்களுக்குள் தொங்கவிட்டனர் முன்னோர். கிம்பல் என்னும் கருவியின் கருத்தும் அதுவே. மூன்று அச்சுகளில் மூன்று சிறு மோட்டர்கள் உள்ளன. கை ஒருபுறம் சாயின், உணரி அதனை அறியும். மோட்டர் அவ்வளவே எதிர்ப்புறம் திருப்பும். கைபேசியை நடுநிலையிற் பொருத்திய பின்னரே கருவியை இயக்குதல் வேண்டும். ஒருபுறம் பாரம் மிகுந்தால் மோட்டர் வீணே உழைத்துப் பற்றரியைத் தீர்த்துவிடும்.

இதன் எல்லையையும் அறிக. கிம்பல் சாய்வைத் திருத்துமேயன்றி, நடையினால் உண்டாகும் மேல்கீழ்க் குலுக்கத்தை முற்றும் நீக்காது. ஆதலின் முழங்காலைச் சற்றே மடித்து மெல்ல நடத்தல் வேண்டும். காட்சி அசையாது நிற்கவேண்டுமாயின் முக்காலியே போதும். மலைச்சரிவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கமரா மிக மெதுவாகத் திரும்ப வேண்டுமாயின், கிம்பலை முக்காலியில் நிறுத்தித் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டால், எஞ்சியதை அதுவே செய்யும்.

காலமறிதல்

இங்கே சிறு கணக்கு வேண்டும். ஒரு மணி நேரம் 3600 வினாடி. ஆறு வினாடிக்கு ஒரு படம் எடுப்பின் 600 படங்கள் கிடைக்கும். வினாடிக்கு 30 படமாக ஓடவிட்டால் 20 வினாடிக் காணொளி ஆகும். விரைந்து எழும் மூடுபனிக்கு இரண்டு அல்லது மூன்று வினாடி இடைவெளி தகும். மெல்ல நகரும் நிழலுக்கு ஐந்து, ஆறு வினாடி தகும். சில கைபேசிகள் இடைவெளியைத் தாமே தீர்மானிக்குமாதலின், அதனை முன்னரே சோதித்தறிக. ஒளியளவையும் குவியத்தையும் பூட்டிவைத்தால் படம் மினுங்காது. இடையில் அழைப்பு வராதவாறு தொடர்பைத் துண்டித்து வைத்தலும் நன்று.

இடனறிதல்

நம் சப்பிரகமுவ மாகாணத்தில் இதற்கு இடம் தேடி அலைய வேண்டுவதில்லை. 2243 மீற்றர் உயர்ந்த சிவனொளிபாதமலையின் உச்சியில் ஞாயிறு எழும்போது யாவரும் கிழக்கு நோக்குவர். மேற்கே திரும்பின் இரத்தினபுரிப் பக்கமாக மலையின் நிழல் முக்கோணமாய் நீண்டு கிடத்தலைக் காணலாம். கதிர் ஏற ஏற அது சுருங்கி மலையடிக்கு மீளும். அங்கே காற்று வலிதாதலின் தாழ்ந்த முக்காலியே துணை; அடியார் வழியை மறித்தல் ஆகாது. கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களிலோ, வைகறையிற் பால் வெட்டியபின் சிரட்டையில் துளித்துளியாகச் சேர்வதனைப் படமாக்கலாம். நின்று பார்க்கும் கண்ணுக்குத் தோன்றாத நிறைவு, காணொளியில் தோன்றும்.

எதனைச் சுருக்கலாகாது?

என் வகுப்பு மாணவன் ஒருவன் கிம்பல் இரவல் பெற்று, தான் வாழும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மலையை ஒரு மணி நேரம் படமெடுத்து வந்தான். கமரா அழகுறத் திரும்பியது, ஒளியும் பிழையில்லை. ஆனால் பெண்கள் எறும்புகள் போல் துள்ளித் துள்ளி ஓடினர். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தாய் அக்காட்சியில் இருந்தார். யானும் முதலிற் சிரித்தவனே என்பதை ஈண்டு மறைத்தல் தகாது.

அன்று மாலை இதனை எண்ணிப் பார்த்தேன். மூடுபனி களைப்பதில்லை, நிழலுக்கு முதுகு வலிப்பதில்லை. அவற்றின் ஒரு மணியை இருபது வினாடியாக்கினால் நமக்கு அறிவு மிகும். கூடை கனக்கக் கனக்கச் சரிவில் நிற்பவருக்கோ, அந்த ஒரு மணியே அவர்தம் உழைப்பு. அதனைச் சுருக்கினால் கனம் மறைந்து துள்ளல் மட்டும் எஞ்சும்.

மறுவாரம் அம்மாணவன் அத்தாயாரிடம் அனுமதி பெற்று, அவர் கைகளை மட்டும் இயல்பான வேகத்தில் ஒரு நிமிடம் எடுத்து வந்தான். பனி விலகும் மலையைச் சுருக்கியும் கைகளைச் சுருக்காமலும் அவற்றை இணைத்தோம். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டிலையும் ஓர் அரும்பும் எவ்வாறு தெரிந்து கிள்ளப்படுகின்றன என்பதைப் பலர் அன்றுதான் கண்டனர்.

இனித் தமிழாசிரியனின் வேலை யாதெனக் கூறுவேன். நன்னூலார் சுருங்கச் சொல்லலை நூலின் அழகுகளுள்ளும், குன்றக் கூறலைக் குற்றங்களுள்ளும் வைத்தார். இரண்டும் குறைத்தலே, எனினும் ஒன்று அழகு, மற்றையது குற்றம். அவ்வேறுபாட்டை மாணவர்க்கு உணர்த்துதல் என் தொழில். செய்யுளாயினும் காணொளியாயினும் பாடம் ஒன்றே.