சினிமாவும் சின்னத்திரையும்: நடிகை ராதிகா

நடிகவேள் எம்.ஆர்.ராதாவின் மகள் ராதிகா. 1978-இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமானார். அப்போது அவருக்கு 16 வயதுகூட நிரம்பவில்லை. நம்ம பள்ளிக்கூடத்து அக்காக்கள் வயசுதான்!

சினிமாவில் கதாநாயகிக்கு வயசு கூடினால் அம்மா வேஷம்தான் கொடுப்பாங்க. அவரோ ராடான் என்ற சொந்த நிறுவனம் மூலம் டிவி தொடர்கள் தயாரித்து, தானே நடித்தார். 1999 டிசம்பரில் சன் டிவியில் தொடங்கிய ‘சித்தி’ 2001 நவம்பர் வரை ஓடியது.

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் அப்பாவின் இரண்டாம் மனைவியையும் சித்தின்னுதான் கூப்பிடுவோம். சித்தின்னாலே கொடுமைக்காரின்னு பேசுவாங்க. ராதிகா நடித்த சாரதாவோ மூத்த தாரத்துப் பிள்ளையிடம் பாசமாக இருந்தாள்.

சித்தியிடம் வளரும் பிள்ளைகள் நம்ம வகுப்பிலும் இருக்காங்க. அவர்களிடம் போய், ‘உங்க சித்தி கொடுமை பண்றாங்களா?’ன்னு கேட்காதீங்க.